களவாய்த் தின்ற கொழுக்கட்டை

போன ஆடிப்பிறப்பு இரவு தண்ணி குடிக்க எழும்பிக் குசினிக்குப் போனேன். லைற் போடவில்லை. மூலையில் ஆரோ நிற்கிற மாதிரித் தெரிந்தது. பார்த்தால் அம்மா. வாய்க்குள் ஒரு கொழுக்கட்டை, கையில் இன்னொன்று. என்னைக் கண்டதும் கையைப் பின்னுக்கு மறைத்தா.

"சும்மா… ருசி பாத்தனான் பிள்ளை."

அன்று பின்னேரம் அந்தக் கொழுக்கட்டைகளை அவித்ததே அவதான். எங்களுக்குப் பரிமாறி, அயல் வீட்டுக்கும் கொடுத்தனுப்பிவிட்டு, "எனக்கு வேண்டாம், சீனி வருத்தம்" என்று சொல்லி ஒரு பிளேன்ரீயோடு இருந்தா. இரவு பதினொரு மணிக்குத் தன்ர குசினிக்குள்ளேயே கள்ளரைப் போல நிற்கிறா.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. ஏனென்றால், 'டயற்றில்' இருக்கிறன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான், அதற்கு முந்தின கிழமைதான் கொழும்பில் அறைக் கதவைப் பூட்டிவைத்து ஒரு முழுக் கொத்துப் பார்சலைத் தின்று முடித்து, அந்தப் பேப்பரை அறைத் தோழிக்குத் தெரியாமல் கொண்டுபோய்ச் சந்திக் குப்பைத்தொட்டியில் போட்டவள். தாயும் மகளும் ஒரே களவு.

இந்தக் களவை எங்களுக்குப் பழக்கினது ஆர்? அதைத்தான் இதில் கேட்கப் போகிறேன்.

ஏமாத்துற நாள் – ஆரை?

உடம்பு குறைக்கிற ஆக்களிட்ட ஒரு சொல் இருக்கு: 'சீற் டே'. கிழமையில் ஆறு நாள் 'சுத்தமாய்' சாப்பிட்டு, ஏழாம் நாள் விரும்பினதைத் தின்னலாமாம். தமிழில் சொல்லிப் பாருங்கோ: ஏமாத்துற நாள். ஆரை ஏமாத்துறம்? சாப்பாட்டையா, உடம்பையா, அட்டவணை எழுதித் தந்த பயிற்சியாளரையா?

சொல்லில் என்ன இருக்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு எல்லாமே அதில்தான் இருக்கு. ஒரு சாப்பாட்டுக்கு 'களவு' என்று பேர் வைத்தால், அதைக் களவாய்த்தான் சாப்பிடுவோம். களவாய்ச் சாப்பிடுகிறவர் அளந்து சாப்பிட மாட்டார். அவசரமாய், நின்றபடி, ருசி தெரியாமல், 'எப்படியும் பிழைச்சுப் போச்சு, மிச்சத்தையும் முடிப்பம்' என்று சாப்பிடுவார். அடுத்த நாள் அதற்குத் தண்டனையாய்ப் பட்டினி கிடப்பார். அந்தப் பசியில் அடுத்த களவு தொடங்கும்.

எங்கட அட்டவணைகளைப் பாருங்கோ. காலை ஓட்ஸ், மத்தியானம் அவித்த கோழி நெஞ்சுத் துண்டும் புரொக்கோலியும், இரவு கிறீக் யோகட். கீழே சிவப்பில் ஒரு தடைப்பட்டியல்: புட்டு, இடியப்பம், தேங்காய்ப்பால், மாம்பழம், இனிப்பு எல்லாம். எங்கட குசினி முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. அந்த அட்டவணையை எழுதினவர் எங்கட வீட்டில் ஒரு நேரமாவது சாப்பிட்டிருப்பாரோ தெரியாது.

நான் சொல்ல வருவது இதுதான்: கலோரிக் கணக்குப் பார்க்கிறவர், தனக்கு விருப்பமான சாப்பாட்டைத்தான் அந்தக் கணக்கில் முதலாவதாய் எழுதவேணும். மிச்சத்தை அதைச் சுற்றி அடுக்கவேணும். விருப்பமானதைத் தள்ளிவிட்டுப் போடுகிற கணக்கு, கணக்கே இல்லை. அது தண்டனை.

தராசில் ஏற்றின கொழுக்கட்டை

அந்த இரவுக்குப் பிறகு அம்மாவோடு இருந்து கொழுக்கட்டையைக் கணக்குப் பார்த்தேன். கலோரி என்றால் மந்திரமில்லை. மாச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9. அவ்வளவுதான். சாமான்களைத் தராசில் வைத்தால் மிச்சம் பெருக்கல் கணக்கு.

அம்மாவின் அளவில் 20 கொழுக்கட்டைக்கு வறுத்த அரிசிமா 400 கிராம், பயறு 150 கிராம், சர்க்கரை 150 கிராம், தேங்காய்ப்பூ 120 கிராம். மாவில் ஏறக்குறைய 1450 கலோரி, பயறில் 520, சர்க்கரையில் 570, தேங்காயில் 425. எல்லாம் சேர்த்து 3000க்குக் கொஞ்சம் குறைவு. இருபதால் பிரித்தால் ஒரு கொழுக்கட்டைக்கு 150.

இந்த 150 எவ்வளவு பெரிய பாவம்? சோறு 100 கிராமில் 130 கலோரி இருக்கு. "இன்னும் கொஞ்சம் போடுறன்" என்று ரெண்டாம் தரம் கோப்பையில் விழுகிற சோறு 115 கிராம் வந்தால், அது ஒரு கொழுக்கட்டை. கத்தரிக்காய் பொரிக்கேக்கை அது உறிஞ்சிக்கொள்கிற தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றால் 120 கலோரி. கிட்டத்தட்ட இன்னொரு கொழுக்கட்டை. இதையெல்லாம் ஆரும் களவு என்று சொன்னதில்லை.

என்ர கணக்கு இதைவிட மோசம். வேலையிடத்தில் ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி. ஒவ்வொன்றிலும் ரெண்டு தேக்கரண்டி சீனி. கரண்டிக்கு 5 கிராம் என்று பிடித்தால் 50 கிராம், அதாவது 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் சேர்த்த சீனியை மொத்தச் சக்தியில் பத்திலொரு பங்குக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிற ஆளுக்கு அது இதே 50 கிராம்தான். அந்தத் தேத்தண்ணிகளில் ஒன்றையாவது நான் ஆசைப்பட்டுக் குடித்தேனா? இல்லை. கூட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், குடித்தேன்.

எங்கட கணக்கு ஒழுகுவது இப்பிடித்தான். விருப்பமில்லாமல், நினைவில்லாமல், பழக்கத்தில் உள்ளே போகிறவை கணக்கில் ஏறுவதில்லை. வருசத்தில் ஒருநாள் ஆசைப்பட்டு அவிக்கிற கொழுக்கட்டையைத்தான் பிடித்துக் கூண்டில் ஏற்றுகிறோம். 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடுகிறார்கள். நல்ல விசயம். ஆனால் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ரோல்ஸுக்கும் பணிசுக்கும் எந்த நிறமும் இல்லை. கண்ணை நாங்கள்தான் திறந்து வைத்திருக்கவேணும்.

1200 என்கிற மந்திர எண்

கலோரியை எண்ணி உடம்பு குறைக்கிற பழக்கத்தை ஊருக்குள் பரப்பினவர்களில் ஒருவர் லூலு ஹன்ட் பீற்றர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர். 1918இல் வந்த அவருடைய புத்தகம் அந்த நாட்டில் பெரும் விற்பனையானது. ஒரு துண்டுப் பாண் என்று சொல்லாமல் 100 கலோரிப் பாண் என்று சொல்லப் பழகுங்கள் என்பது அவர் தந்த பாடம். உடம்பைப் பற்றி அவர் எழுதின பலதோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இனிப்பைத் தொடாதே என்று அவர் சொல்லவில்லை. சாப்பிடு, ஆனால் எண்ணு என்றார். நூறு வருசத்துக்குப் பிறகு நாங்கள் எண்ணுவதை வைத்துக்கொண்டு, சாப்பிடுவதைத் தூக்கி எறிந்துவிட்டோம்.

எண்ணிலும் எங்களுக்கு நிதானமில்லை. எங்கட வயதுப் பெட்டையளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுக்கிற எண் 1200. உயரம் என்ன, வேலை என்ன, பஸ்ஸில் நின்றுகொண்டு போறவளா என்று ஒரு கேள்வியும் இல்லை.

1944-45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனை செய்தார். ஆயுதம் தூக்க மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து அரைப் பட்டினி கிடந்தார்கள். ஆறு மாதம், நாளுக்கு ஏறக்குறைய 1600 கலோரி. உடம்பு மெலிந்தது மட்டுமில்லை. சாப்பாட்டைத் தவிர வேறு நினைவு இல்லாமல் போனார்கள். சமையல் புத்தகங்களைப் படித்தார்கள், சமையல் குறிப்புகள் சேர்த்தார்கள், ஒரு கோப்பையை மணிக்கணக்காய் வைத்துச் சாப்பிட்டார்கள். பட்டினி முடிந்த பிறகும் சிலருக்கு வயிறு நிரம்பினாலும் பசி அடங்கவில்லை. அவர்கள் நிறைய நடக்கவைக்கப்பட்ட ஆண்கள். எங்கட தேவையும் அவர்கட தேவையும் ஒன்றில்லைத்தான். ஆனாலும் இரவு பன்னிரண்டு மணிக்குக் கொத்து போடுகிற வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாய்ப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த எனக்கு, அந்த இளைஞர்களைத் தெரிந்த மாதிரி இருந்தது. எனக்கு மனவுறுதி இல்லை என்று நினைத்திருந்தேன். எனக்கு இருந்தது பசி.

"ஒண்டோட நிக்காது"

இதற்கு வருகிற பதில் எனக்குத் தெரியும். "ஒண்டு எண்டு தொடங்கினா ஒண்டோட நிக்காது. அதால முழுசா விடுறதுதான் சுகம்." இது வெறும் சாட்டு இல்லை. சிலருக்குச் சில சாப்பாடு அப்படித்தான். எனக்கு மிக்சர் அப்படி. அதனால் மிக்சரைப் பைக்கற்றாய் வீட்டில் வாங்கி வைப்பதில்லை. ஆசை வந்தால் கச்சான்காரரிடம் ஒரு சின்னச் சுருள் வாங்கி, அங்கேயே நின்று தின்றுவிட்டு வருகிறேன். அளவு தெரிந்த கதவால் உள்ளே விடுவது வேறு, கதவை ஆணி அடித்துப் பூட்டுவது வேறு.

இன்னொரு பதில்: "சீனி வருத்தக்காரருக்கு இந்தக் கதை சரிவருமோ?" அவர்களுக்குக் கலோரி மட்டும் கணக்கில்லை, உண்மை. மருந்து, இரத்தத்தில் சீனி, ஒரே நேரத்தில் உள்ளே போகிற மாச்சத்து எல்லாம் பார்க்கவேணும். அதைக் கிளினிக்கில் கேட்டுத்தான் செய்யவேணும். ஆனால் கேட்கவேணும்! எங்கட அம்மாமார் கேட்பதில்லை. திட்டு விழும் என்று பயம். இனிப்பைத் தொடாத அம்மா, இரவில் ஒரு கோப்பை நிறையப் புட்டுச் சாப்பிடுவா. அது பட்டியலில் சிவப்பில் இல்லாதபடியால் அதைப் பற்றி ஆரும் கதைக்கவில்லை.

மூன்றாவது, நானே எனக்குச் சொல்லிக்கொள்வது. எண்ணத் தொடங்கினால் சாப்பாடு முழுக்க எண்ணாகவே தெரிகிற ஆக்கள் இருக்கினம். சாப்பிட்டதை வலிந்து வாந்தி எடுக்கிற நிலைக்குப் போனவையையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். தராசைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு வைத்தியரோடு கதையுங்கோ. மனிசரை விடக் கணக்கு பெரிசில்லை.

கிழமைக் கணக்கு

இப்போது நான் செய்வது இதுதான். நாளாய்ப் பார்க்காமல் கிழமையாய்ப் பார்க்கிறேன். என்ர உயரத்துக்கும் வேலைக்கும் நாளுக்கு 1800 என்று வந்தது, கிழமைக்கு 12,600. அதில் பத்திலொன்று, 1260, விருப்பத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை இருந்து, இந்தக் கிழமை எனக்கு உண்மையாய் என்ன வேணும் என்று முதலில் எழுதுகிறேன். ஒருநாள் சிநேகிதியோடு பாதிப் பாதியாய்ப் பிரிக்கிற கொத்து. கறுத்தக்கொழும்பான் காலமென்றால் ஒரு மாம்பழம். சதை 200 கிராம் வந்தால் அது 120 கலோரிதான், தடைப்பட்டியலில் அதை ஏன் போட்டார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. மிச்ச நாட்களில் சோறும் பருப்பும் மீனும் கீரையும், வயிறு நிரம்ப. தேத்தண்ணியில் சீனி ஒரு கரண்டியாகி, ஐந்து மூன்றாகிவிட்டது. கூட்டத்தில் வைக்கிற ரோல்ஸுக்கு "வேண்டாம்" என்று சொல்ல இப்போது கஷ்டமில்லை. சனிக்கிழமை கொத்து எழுதியிருக்கு என்று எனக்குத் தெரியும்.

ஒரேயொரு சட்டம்: விருப்பமானதை இருந்து, கோப்பையில் போட்டு, ஆக்களுக்கு முன்னால் சாப்பிடவேணும்.

இதை ஒரு ஆடம்பரக் கவலை என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022இல் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டின நாடு இது. பொருளாதாரத் தடைக் காலத்தில், சீனி இல்லாமல் ஒரு கடி பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி குடித்த தலைமுறை என்ர அம்மாவுடையது. அந்த மனுசியிடம் போய், இப்போது கையில் இருக்கிற கொழுக்கட்டையை வெட்கப்பட வேண்டிய பொருளாக்கியிருக்கிறோம். இறக்குமதி ஓட்ஸ் பெட்டியைக் காட்டி, இதுதான் ஆரோக்கியம் என்று சொல்லியிருக்கிறோம். இல்லாமை ஒருக்கால் அவவிடமிருந்து இனிப்பைப் பறித்தது. இரண்டாம் முறை பறிக்கிற வேலையை நாங்கள் செய்யத் தேவையில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நானும் அம்மாவோடு போனேன். அம்மா கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். ஒன்று சாப்பிடலாம், அந்த நேரத்துப் புட்டைக் குறைத்துக்கொள்ளுங்கோ, சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடவுங்கோ என்றார் வைத்தியர். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிசத்துக்காக எத்தனை வருசம் இருட்டில் நின்றா!

இந்த ஆடிப்பிறப்புக்கு அம்மா மேசையில் எங்களோடு இருந்தா. கோப்பையில் ஒரு கொழுக்கட்டை. ஓரத்தில் இருந்து மெல்ல மெல்லக் கடித்துச் சாப்பிட்டா. முடித்துவிட்டுச் சொன்னா:

"பயறு கொஞ்சம் கூட வறுபட்டுட்டுது பிள்ளை. போன முறையும் இப்பிடித்தானோ? எனக்கு ஞாபகமே இல்லை."

ஞாபகம் இருக்காதுதான். போன முறை அவ அதை ருசித்துச் சாப்பிடவில்லையே.