முட்டி போனால் எல்லாம் போச்சு

எனக்குப் பதினாறு வயதில் வலது முட்டி போனது. மாவட்ட அளவு ஆட்டம். எதிர் டீம் பெண் யாரும் கிட்டத்தில்கூட இல்லை. தலையால் முட்ட எகிறினேன், ஒற்றைக் காலில் இறங்கினேன், முட்டி உள்பக்கம் மடங்கியது. 'டப்'புனு ஒரு சத்தம். பி.டி. மாஸ்டர் ஸ்பிரே அடித்துவிட்டு, "சுளுக்குதாம்மா, எந்திரி" என்றார். எழுந்து ஆடினேன். பத்து நிமிஷத்தில் திரும்ப விழுந்தேன். அம்மா எண்ணெய்க் கட்டு போட்டாள். பார்க்க வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்வி: "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்த ஆட்டம்?"

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனை செத்துப்போனாள். முட்டியில் ஜவ்வு கிழிந்து அரசு மருத்துவமனையில் ஆபரேஷன். போட்ட கட்டு ரத்த ஓட்டத்தை அடைத்தது. காலை எடுத்தார்கள். பிறகு உயிரும் போனது. இரண்டு மருத்துவர்களை சஸ்பெண்ட் செய்தார்கள், பத்து லட்சம் கொடுத்தார்கள். ஆபரேஷனில் நடந்த அலட்சியத்தைக் கேட்டோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளின் முட்டி ஏன் இப்படிக் கிழிந்துகொண்டே இருக்கிறது, அதைத் தடுக்க யார் என்ன செய்தார்கள் என்ற கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் முட்டியைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்குக் கிழியப்போகிற முட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே இழுத்துக் கட்டியிருக்கிற நார்தான் ஏ.சி.எல். மைதானத்தில் 'லிகமெண்ட்' என்கிறோம். பெரும்பாலும் யாரும் மோதி இது அறுவதில்லை. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திரும்பும்போது, எகிறி இறங்கும்போது அறுகிறது. வயசுக்கு வந்த பிறகு பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

உடனே சொல்வார்கள்: "பொம்பள உடம்பு அப்படித்தான்." பிறப்பிலேயே இருக்கு, மாத்த முடியாது என்பது எங்களுக்குப் புதுசா? சாதியையும் இப்படித்தானே சொன்னார்கள். இடுப்பெலும்பு, ஹார்மோன் எல்லாம் இருக்கட்டும். பையன் அஞ்சு வயசிலிருந்து தெருவில் எகிறிக் குதிக்கிறான். அவளைத் தண்ணி பிடிக்கவும் தம்பியைப் பார்க்கவும் உட்கார வைத்துவிட்டு, பதிமூணு வயசில் கல்லும் மேடுமான கிரவுண்டில் இறக்கி, கால் வளர்ந்த அளவுக்கு இடுப்பும் பின்தொடையும் பலப்படும் முன்னே 'ஓடு' என்கிறோம். இதில் உடம்பு எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு?

மாத்த முடியாது என்பதும் பொய். நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்துப் பெண்கள் சுமார் 1,900 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற இருபது நிமிஷ வார்ம்-அப் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்தன. சுவீடனில் 12 முதல் 17 வயதுப் பெண்கள் 4,500 பேருக்கு மேல். வாரம் இரண்டு முறை, பதினைந்து நிமிஷம். ஏ.சி.எல். அறுவது 64 சதவீதம் குறைந்ததென்று 2012இல் எழுதினார்கள். அதே பெண் உடம்புதான்!

அதற்கு மெஷின் வேண்டாம், ஜிம் வேண்டாம். மெதுவான ஓட்டம். தரையில் முழங்கை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்துவது. ஒருத்தி மண்டி போட, இன்னொருத்தி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, மெல்ல முன்னால் சாய்வது, இது பின்தொடைக்கு. ஒற்றைக் காலில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. அப்புறம் குதிப்பது. சத்தம் வராமல் இறங்கணும், முட்டி மடங்கியிருக்கணும், கட்டைவிரல் பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக நிற்கணும். "உள்ள போவுது பாரு, வெளிய தள்ளு" என்று பக்கத்தில் ஒருத்தர் சொல்லிக்கொண்டே இருக்கணும். அவ்வளவுதான். ஆனால் ஒருநாள் செய்து ஒருவாரம் விட்டால் பலனில்லை.

இதை நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளுக்குச் செய்யவைத்தபோது ஒரு மாஸ்டர் சிரித்தார். "இருவது நிமிஷம் வேஸ்ட்டும்மா, மேட்ச் ஆட உடு." கப் ஜெயித்தால் போட்டோவில் நடுவில் நிற்பவர் அவர். முட்டி போனால் வீட்டில் படுப்பவள் அவள்.

நம் தோழர்களும் கேட்கிறார்கள்: நிலம், வன்கொடுமை, கொலை என்று இருக்கும்போது முட்டியா பெரிசு? பெரிசுதான் தோழர். காணி நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கால்தான் சொத்து. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட், அப்புறம் போலீசிலோ ரயில்வேயிலோ வேலை, எல்லாம் அந்த முட்டி மேலேதான் நிற்கிறது. பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு முட்டி போனால் தனியார் ஆபரேஷன், மாசக்கணக்கில் பிசியோ. எனக்கு சீட்டும் போச்சு, ஆட்டமும் போச்சு.

கேட்பது தானமல்ல. பெண்கள் ஆடும் ஒவ்வொரு பள்ளியிலும் கிளப்பிலும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கு. பி.டி. ஆசிரியருக்குச் சொல்லிக்கொடு. வார்ம்-அப் செய்யாத அணியை டோர்னமெண்டில் இறக்காதே. கிரவுண்டில் கல்லைப் பொறுக்கு. முட்டி வீங்கினால் ஸ்பிரே அடித்து இறக்காதே, டாக்டரிடம் அனுப்பு. ஆபரேஷன் ஆனவளை ஒன்பது மாசத்துக்குள் ஆடச் சொல்லாதே.

"இன்னாத்துக்கு இந்த ஆட்டம்?" என்று கேட்டவர்களுக்கு: ஆடுவோம். எங்க புள்ளைங்க ஆடத்தான் போகிறார்கள். முட்டியோடு ஆடுவார்கள்.