பழசும் புதுசும் சேராது!

அமெரிக்காவில் சிலர் ரிட்டயர் ஆனதும் வீட்டை விற்றுவிட்டு ஒரு பஸ் வாங்கிவிடுகிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் சகலமும் உண்டு. மோட்டார்ஹோம் என்று பெயர். (நம்மூரில் சினிமா ஹீரோ மட்டும் ஏறுகிற கேரவனுக்கு அண்ணன்.) அதில் இரண்டு ஜாதி பேட்டரி இருக்கும். ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் பண்ண. இன்னொன்று விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜுக்கு. பின்னதை 'வீட்டு பேட்டரி' என்கிறார்கள். அது மண்டையைப் போட்டு, புதுசு மாட்டும்போது அவர்கள் படுகிற பாடு இருக்கிறதே, அச்சு அசல் நம் வீட்டு இன்வர்ட்டர் கதைதான்.

ஒரே வித்தியாசம். அவர்கள் வீடு ஓடுகிறது. நம் வீட்டுக்கு இ.எம்.ஐ. மட்டும் ஓடுகிறது.

2012-ல் தமிழ்நாட்டில் அடித்த மின்வெட்டு ஞாபகம் இருக்கும். சென்னையில் தினம் 2 மணி நேரம்; மற்ற மாவட்டங்களில் 10 மணி நேரத்துக்கு மேல். அப்போது கல்யாண மண்டபம் புக் பண்ணுகிற அவசரத்தில் எல்லோரும் இன்வர்ட்டர் வாங்கினோம். பல வீடுகளில் அந்தப் பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. பேட்டரிதான் மூன்றாவது. அந்த மூன்றாவதை மாட்ட வருகிற பையன் பத்து நிமிஷத்தில் முடுக்கிவிட்டுப் போய்விடுவான். காபி கொடுப்பதோடு நம் கடமை முடிந்ததா? இல்லை சார். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

முதல் விஷயம், கார் பேட்டரி வேறு, இன்வர்ட்டர் பேட்டரி வேறு. கார் பேட்டரி நூறு மீட்டர் ஓட்டக்காரன். சில விநாடிகளுக்கு ஏகப்பட்ட கரன்ட் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதன் ஈயத் தகடுகள் மெல்லிசு. இன்வர்ட்டருக்கு வேண்டியது மாரத்தான்காரன். அதனால்தான் தடித்த குழாய் அமைப்புள்ள 'டியூபுலர்' பேட்டரி. "மச்சான் கார்ல இருந்து கழட்டினது சும்மா கெடக்கு, அதையே மாட்டிடலாமே" என்பவர், சில மாதங்களில் மச்சானையும் பகைத்துக்கொண்டு புதுசும் வாங்குவார்.

இரண்டாவது, கணக்கு. பேட்டரி மேல் 150 ஏ.ஹெச். என்று போட்டிருக்கும். பெரும்பாலும் இது 20 மணி நேரக் கணக்கு. அதாவது 7.5 ஆம்பியர் வீதம் நிதானமாக எடுத்தால் 20 மணி நேரம் வரும். அவசரமாக எடுத்தால் மொத்தமே குறைந்துவிடும். 1897-லேயே பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் இதற்கு ஃபார்முலா போட்டுவிட்டார். ஒரு ஃபேன், இரண்டு எல்.இ.டி. பல்பு என்றால் நல்ல பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்கும். அதே வீட்டில் அப்பாவுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறதா? 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். இன்வர்ட்டர் தின்கிற கமிஷனையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 33 ஆம்பியர் போகும். 150-ஐ 33-ஆல் வகுத்து நாலரை மணி நேரம் என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். மூன்று மணி என்று வைத்துக்கொள்வதே உத்தமம். பேட்டரி பழசென்றால் ஒரு மணியே சந்தேகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. இந்த மாதிரி வீடுகளில் ஒரு சிலிண்டரும் தயாராக இருக்கட்டும்.

*

இனி வயரிங். இரண்டு பேட்டரி என்றால் இரண்டு விதமாக இணைக்கலாம். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸில் கொடுத்தால் சீரிஸ்: 12-ம் 12-ம் 24 வோல்ட், ஏ.ஹெச். அதே 150. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்றால் பேரலல்: வோல்ட் அதே 12, ஏ.ஹெச். 300. எது வேண்டும் என்பதை இன்வர்ட்டரின் முதுகில் எழுதியிருப்பான். 12 வோல்ட் இன்வர்ட்டருக்கு 24 கொடுத்தால் புகைவது அது மட்டுமல்ல, நம் வயிறும்.

பேரலலில் ஒரு சூட்சுமம். இன்வர்ட்டருக்குப் போகிற இரண்டு கேபிளையும் ஒரே பேட்டரியில் மாட்டக்கூடாது. பிளஸ்ஸை முதல் பேட்டரியிலிருந்தும், மைனஸை இரண்டாவதிலிருந்தும் எடுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். இல்லாவிட்டால் ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். மேனேஜருக்குப் பக்கத்து சீட்காரனுக்கே எல்லா வேலையும்.

கேபிள் தடிமனாக இருக்கட்டும். 800 வாட் லோடுக்கு 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் போதும். அதே 800 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க, நஷ்டம் சேர்த்து 75, 80 ஆம்பியர் ஓட வேண்டும். அயர்ன் பாக்ஸ் வயரை வைத்து ஒப்பேற்றினால் வயரே அயர்ன் பாக்ஸ் ஆகிவிடும். கேபிள் குட்டையாகவும், டெர்மினல் நட்டு இறுக்கமாகவும் இருக்கவேண்டும். மேலே கொஞ்சம் வாஸலின் தடவினால் பச்சை பூக்காது.

இப்போது சிக்கன சிகாமணிகளின் கேள்வி: "ரெண்டுல ஒண்ணுதான் போச்சு. அதை மட்டும் மாத்தினா போதாதா?"

போதாது. சீரிஸில் இரண்டிலும் ஒரே கரன்ட்தான் ஓடும். கிழ பேட்டரி சீக்கிரமே நிறைந்து சூடாகும்; இளசு அரைவயிற்றோடு நிற்கும். செலவாகும்போது கிழம் முதலில் காலியாகி, மற்றதன் வேகத்தில் இன்னும் அடி வாங்கும். பேரலலில் கிழம் தன் பங்குக்குப் புதுசையும் உறிஞ்சும். ஆகக்கூடி புதுசுக்கும் அல்பாயுசு. மோட்டார்ஹோம்காரர்களும் இதைக் காசு கொடுத்துக் கற்றவர்கள்தான். மாற்றினால் ஜோடியாக, ஒரே கம்பெனி, ஒரே சைஸ், ஒரே மாதத்து சரக்கு.

*

"12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று ஸ்பேனரோடு உட்காரும் வீரர்கள் கவனிக்க. ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் ஒரு சேரத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் சிவக்கும். விரலில் மோதிரம் மாட்டினால் மோதிரமும் சிவக்கும், விரலோடு. எனவே மோதிரம், வாட்ச், மைனர் செயின் எல்லாவற்றையும் கழற்றி பீரோவில் வையுங்கள். இன்வர்ட்டரை ஆஃப் செய்து பிளக்கையும் பிடுங்குங்கள். அதன் மறுபக்கம் வருவது 230 வோல்ட். அது ஷாக் அடிக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வண்டியில் பாடி முழுக்கவே மைனஸ் என்பதால் வந்த வழக்கம் இது. வீட்டிலும் நல்ல பழக்கம்.

சார்ஜ் ஏறும் கடைசிக் கட்டத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவிகிதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். இடம் இல்லையென்று பூஜை அலமாரிக்குக் கீழே பேட்டரியை வைத்து, மேலே விளக்கேற்றுகிற வீடுகள் இருக்கின்றன. சாமி காப்பாற்றுவார்தான். அவருக்கு ஏன் ஓவர்டைம்? ஜன்னலோரமாகக் காற்று வருகிற இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அந்தத் தண்ணீர் குறைவதால்தான் டிஸ்டில்டு வாட்டர் விடுகிறோம். கேன் வாட்டர், ஆர்.ஓ. வாட்டர் எதுவும் ஆகாது. ஆசிட்டும் கூடாது, போனது தண்ணீர் மட்டும்தான். மாதம் ஒரு முறை மிதவையைப் பாருங்கள்.

புது பேட்டரியை மாட்டியதும் "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று மெயினை அணைத்து வேடிக்கை பார்க்காதீர்கள். முதலில் முழுசாக, தேவைப்பட்டால் ராத்திரி முழுக்க, சார்ஜ் ஏறட்டும். ஏ.ஹெச்.சில் பத்தில் ஒரு பங்கு கரன்ட் உத்தமம்: 150-க்கு 15 ஆம்பியர். ஏறும்போது 14.4 வோல்ட் வரை போய், நிறைந்ததும் 13.5, 13.8-க்கு இறங்கி நிற்க வேண்டும். இறங்காமல் கொதித்துக்கொண்டே இருந்தால் கோளாறு சார்ஜரில். எத்தனை பேட்டரி போட்டாலும் சாகும். சும்மா வைத்திருந்து அளந்தால் 12.5-க்கு மேல் நிறைவு, 12.2 பாதி. காலியாகவே விட்டால் தகட்டில் சல்பேட் கெட்டிதட்டும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

*

லெட் ஆசிட் பேட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ்காரர் பிளாண்டே. இப்போது லித்தியம் போட்டிக்கு வந்துவிட்டது. இன்வர்ட்டருக்கு வருகிற லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்டைப் பற்றி 1997-ல் கட்டுரை எழுதியவர்கள் பாதி, நஞ்சுண்டசுவாமி என்ற இரு இந்தியர்களும், பின்னால் 2019-ல் நோபல் வாங்கிய குட்இனஃபும். எடை குறைவு, ஆயுள் அதிகம், விலையும் அதிகம். பழைய சார்ஜரில் அப்படியே மாட்டக்கூடாது. லித்தியத்துக்கான செட்டிங் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி ஆராய்ச்சிக்கு நாம் எங்கும் போக வேண்டாம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கடைசியாக, பழைய பேட்டரி. கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். நூறு ரூபாய் கூடத் தருகிறான் என்று தெருவோர வியாபாரியிடம் போட்டால், ஆசிட் சாக்கடைக்கும் ஈயம் குழந்தைகளின் ரத்தத்துக்கும் போகும்.

ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நீங்கள். இன்னொருவர் அந்த மச்சான். இப்போதாவது சமாதானமாகப் போங்கள்.