பூநாரைக்குப் பின்னால் நிற்கிறவர்கள்

சுற்றுலா விளம்பரங்களில் கும்மிடிப்பூண்டியைத் தேடினால் கிடைக்காது. சிப்காட் தொழிற்பேட்டை, இரும்பு ஆலைகள், கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசை கட்டும் லாரிகள். இவற்றைப் பார்க்க வாருங்கள் என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் நேர் கிழக்கே, கடலோரத்தில் இருக்கும் பழவேற்காடு விளம்பரத்துக்கு வாய்த்த ஊர். ஆழமில்லாத நீரில் பூநாரைக் கூட்டம், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறை, அந்தி வானம், ஆளில்லாத ஒரு படகு.

அந்தப் படகுக்கு ஆள் உண்டு. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழியான இந்த ஏரியில், எந்த ஊரார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்பதற்குத் தலைமுறைகளாக ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. வெளியாள் கண்ணுக்கு ஏரி வெறும் நீர்ப்பரப்பு. பாடு உள்ள குடும்பத்துக்கு அதில் முறை, உரிமை, சண்டை, சமாதானம் எல்லாம் உண்டு.

முதலில் அவர்கள் விசாரிப்பது, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைத்தான். மணல் மேடிட்டு வாய் அடைத்துவிட்டால் படகு கடலுக்குப் போக முடியாது. கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. நீரின் உப்பும் மட்டமும் மாறினால் பூநாரைக்கும் இரை குறையும். விளம்பரத்தின் அழகே அந்த வாயை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் முகத்துவாரம் எந்தப் படத்திலும் வருவதில்லை. அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்ததும் கரை அரிக்கும், பிழைப்பு போகும் என்ற அச்சத்தில்தான்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறும் நாளில் பழவேற்காட்டுக் கடற்கரையில் கூட்டம் கூடும். அன்று மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது.

2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஏரியின் நீரோட்டம் தெரியாமல், படத்தை மட்டும் பார்த்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

கல்லறையின் கதையும் பாதிதான் சொல்லப்படுகிறது. 1613-இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் துணி வாங்கி விற்றதோடு நிற்கவில்லை. பஞ்சத்தில் விலைபோன மனிதர்களையும் இங்கிருந்து அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். வணிகர்களுக்குச் சித்திர வேலைப்பாட்டோடு கல் இருக்கிறது. கப்பலேறியவர்களுக்காக ஒரு பலகையாவது அங்கே நிற்க வேண்டும்.

மீன்பாடு குறைந்த வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி வேலை தேடிப் போகிறார்கள். பழவேற்காடும் சிப்காட்டும் அவர்களுக்கு ஒரே வாழ்க்கையின் இரண்டு ஷிப்ட். அடுத்த விளம்பரம் எடுக்க வருகிறவர்கள் அந்தியை விட்டுவிட்டு, காலையில் மீன் ஏலம் நடக்கும் நேரத்துக்கு வரட்டும். முகத்துவாரம் இப்போது எவ்வளவு திறந்திருக்கிறது, இறால் விலை என்ன, இன்று பாடு யாருக்கு என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.