இணையத்துக்கும் ஒரு மதவாச்சிச் சந்தி

இணையத்தில் தூரம் எண்டு ஒண்டு இல்லை என்பது எங்கட காலத்தின் பெரிய பொய்களில் ஒண்டு. "மன்னாரில இருந்தாலும் மெல்பேர்னில இருந்தாலும் ஒண்டுதான், லப்டொப் இருந்தாக் காணும்" எண்டு தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகளில சொல்லுவினம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தரவு ஆகாயத்தில் மிதந்து போவதில்லை. அது கண்ணாடி இழைக்குள்ளால ஓடி, ஒவ்வொரு சந்தியிலும் நிண்டு, அங்க இருக்கிற அட்டவணையைப் பார்த்து அடுத்த சந்திக்குப் போகுது. அந்தச் சந்திகள் எந்த ஊரில இருக்குது, அட்டவணையை எழுதுறது யார் என்பது அரசியல் கேள்வி.

"இது கொம்பியூட்டர் படிக்கிற பெடியளின்ர விசயம், கலைப்பீடத்துக்கு என்னத்துக்கு?" எண்டு கேட்பவர்களுக்காகவே இதை எழுதுறன். ரயில் பாதை தோட்டப் பொருளாதாரத்தை எப்படிக் கட்டியது எண்டு பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணுறம். அதே நிலத்தில, அதே திசையில போற இன்னொரு பாதையைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அது டெக்னிக்கல்" எண்டு ஒதுங்குறம்.

முதலில் சுவிட்ச். ஒரு பள்ளிக்கூடக் கணினி அறையில் இருபது கணினி இருந்தால், எல்லா வயரும் வந்து சேருகிற பெட்டி அது. ஒவ்வொரு கணினியின் வலையமைப்பு அட்டைக்கும் 48 பிட் நீளமான மாக் முகவரி உண்டு. புதுச் சுவிட்சுக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு தரவு வந்தால், அனுப்பியவரின் முகவரியையும் அது எந்த வாசலால வந்தது என்பதையும் குறித்து வைக்கும். பெறுநரைத் தெரியாவிட்டால், வந்த வாசலைத் தவிர மற்ற எல்லா வாசலுக்கும் அனுப்பும். பதில் வரேக்க அந்த ஆளையும் குறித்துக்கொள்ளும். அதன்பிறகு நேரே அந்த வாசல்தான். பேசாலைக்குப் புதிதாக வந்த தபால்காரர் முதல் கிழமை ஒழுங்கை முழுக்க விசாரித்து, இரண்டாம் கிழமை ஒருத்தரையும் கேட்காமல் கடிதம் குடுக்கிற மாதிரி.

ஊரைத் தாண்ட ரவுட்டர் வேணும். நீங்கள் அனுப்புகிற படம் சின்னச் சின்னப் பொதிகளாக உடையும். ஒவ்வொரு பொதியிலும் சேரவேண்டிய ஐபி முகவரி இருக்கும். ரவுட்டருக்கு முழுப் பயணமும் தெரியாது, அடுத்த சந்தி எது எண்டு மட்டும் தெரியும். தன்னுடைய அட்டவணையில் அந்த முகவரிக்கு ஆக நெருக்கமாகப் பொருந்துகிற வரியைத் தேடி, அதில சொல்லியிருக்கிற வாசலால தள்ளிவிடும். ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் பொதியின் ஆயுள் எண் ஒன்றால் குறையும். பூச்சியமானால் பொதியைக் கைவிட்டுவிடும். இல்லாவிட்டால் வழிதவறின பொதிகள் சுத்திக்கொண்டே இருக்கும்.

இப்ப மதவாச்சிக்கு வருவம். மன்னாரிலிருந்து ரயிலில் யாழ்ப்பாணம் போக விரும்பினால், வடக்கே இருக்கிற ஊருக்குத் தெற்குப் பக்கம் போய், மதவாச்சியில இறங்கி, வேற ரயில் பிடிக்கவேணும். தலைமன்னார்ப் பாதை அங்கதான் வடக்குப் பாதையிலிருந்து பிரியுது. மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பூநகரி வழியாக ரோட்டு இருக்கு. ரயிலுக்கு அது கணக்கில்லை. தண்டவாளம் எங்க இருக்கோ அங்கதான் பயணம். ரவுட்டரும் அப்படித்தான். நிலப்படத்தைப் பார்த்து அது முடிவெடுக்கிறதில்லை. தன் அட்டவணையில் இருக்கிற பாதைதான் அதுக்கு உலகம்.

ஒரு கம்பனியின் வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகேக்க இது இன்னும் வெளிச்சமாத் தெரியும். உலகத்தின் பெரிய வலையமைப்புகள் பிஜிபி என்ற நெறிமுறையில் "இந்த முகவரிகளுக்கு என்னட்ட வழி இருக்கு" எண்டு ஒன்றுக்கொன்று அறிவிக்கும். எந்த வழியை எடுக்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் தூரத்தை விடக் கம்பனிகளுக்கு இடையிலான காசும் ஒப்பந்தமும் பெரிசு. இந்த அறிவிப்புகள் பெரும்பாலும் நம்பிக்கையில ஓடுறவை. 2008 பெப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகொம் யூடியூபைத் தன் நாட்டுக்குள்ள மறிக்கப் போட்ட ஒரு பிழையான வழி வெளியில கசிந்து, உலகின் பல பகுதிகளில் யூடியூப் கொஞ்ச நேரம் விழுந்துபோனது. ஒரு நாட்டின் தணிக்கை உத்தரவு, இன்னொரு நாட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தவனின் திரையை அணைத்தது.

இதையெல்லாம் எங்கட கடலுக்குப் பொருத்திப் பாருங்கோ. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். அதாவது நேர்வழி ஒண்டு இருந்தால், ஒரு பொதி போய்த் திரும்ப அரை மில்லிசெக்கன் கூடத் தேவையில்லை. ஆனால் நேர்வழி இல்லை. இலங்கையின் சர்வதேச இணையக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பில், கல்கிசையில், மாத்தறையில். வடக்கில் ஒண்டும் இல்லை. தலைமன்னார்ப் பெடியன் இராமேஸ்வரத்தில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்புகிற 'வணக்கம்', முதலில் தெற்கே கொழும்புக்குப் போய், அங்கிருந்து கடலுக்குள் இறங்கி, இந்தியாவின் ஏதாவது ஒரு பெரிய நகரத்தால நுழைஞ்சுதான் போய்ச்சேரும். கம்பனிகளின் ஒப்பந்தத்தைப் பொறுத்து சிங்கப்பூரையும் சுற்றிக்கொண்டு போகலாம்.

இது இயற்கையின் விதி இல்லை. 1858இலேயே இந்தியாவையும் இலங்கையையும் தந்திக் கம்பி கடலுக்கடியால இணைத்தது, இந்த மன்னார்ப் பக்கத்தால. 1914இல் தலைமன்னார் வரை ரயிலும் அங்கிருந்து கப்பலும் வந்தது. அண்டைக்கு மன்னார் வாசல். 2006இல் தூத்துக்குடியிலிருந்து பாரத் லங்கா கேபிளைப் போட்டபோது, அது மன்னார் வளைகுடாவைக் கடந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கல்கிசையிலதான் ஏறினது. பெயரில மட்டும்தான் வளைகுடா எங்கட.

"சனம் குறைவு, வியாபாரம் இல்லை, அதால அங்க போடேல்ல" எண்டு சொல்லுவினம். உண்மைதான். ஆனால் சனம் குறைஞ்சதும் வியாபாரம் இல்லாமப் போனதும் தானாக நடந்ததா? 1990இல் மன்னார்ப் பாலம் தகர்ந்தது, ரயிலும் நிண்டுபோச்சு. பாலம் 2010இலதான் திரும்ப வந்தது. தலைமன்னாருக்கு ரயில் 2015 மார்ச்சில். இடைப்பட்ட இருபது, இருபத்தைந்து வருசத்திலதான் உலகத்தில் இணையமே கட்டப்பட்டது. சந்திகள் எங்க வரவேணும் எண்டு தீர்மானிச்ச நேரத்தில நாங்கள் அகதி முகாமில, படகில, சோதனைச்சாவடியில நிண்டம். இப்ப வந்து "உங்களிட்டச் சந்தை இல்லை" என்பது, பந்தியில இருக்க விடாமல் எழுப்பிவிட்டு "நீ ஏன் சாப்பிடேல்ல" எண்டு கேட்கிற மாதிரி.

"ஐம்பது மில்லிசெக்கன் பிந்தினா என்ன குறைஞ்சுபோகும்?" எண்டும் கேட்கலாம். பிந்துறது எனக்கும் பிரச்சினையில்லை. என்ர பிரச்சினை இரண்டு. ஒன்று, அறுந்தால் என்ன நடக்கும். 1964 ஓகஸ்டில் போல் பேரன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் தன் ஆய்வுத் தொகுதியை வெளியிட்டார். எல்லாக் கம்பியும் ஒரு நடுவில் சேர்கிற வலையமைப்பு ஒரே அடியில் சாகும். மீன்வலை மாதிரி ஒவ்வொரு முடிச்சும் பல முடிச்சுகளோடு பிணைந்தது தப்பும் என்பது அவரின் வாதம். பொதிகளாக உடைத்து அனுப்பும் யோசனையின் வேர்களில் ஒன்று அது. அதே வருசம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்க போனது ஒரே ஒரு ரயில் பாதை. அது போனதோட ஊரும் போச்சு. வலை கட்டத் தெரிந்த கரைக்கு இந்தப் பாடத்தை அமெரிக்கக்காரன் வந்து சொல்லத் தேவையில்லை: ஒரு கண் அறுந்தால் மற்றக் கண்கள் தாங்கவேணும்.

இரண்டாவது, யார் கையில் ஆளி. 2018இல் கண்டி வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டம் வெடிக்கேக்கையும் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடக்கப்பட்டன. இதுக்கு ஆமி வந்து கேபிளை வெட்டத் தேவையில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பனிகளுக்கு ஓர் உத்தரவு. அவர்களின் பெட்டிகளில் சில வரிகள் மாறும், நாடு முழுக்க அமைதி. பாதைகள் எல்லாம் ஒரு வாசலில சேரும்போது, வாசல்காரன் ராசா.

"ஸ்டார்லிங்க் வந்திட்டுதே" என்பவர்களுக்கு: 2025 ஜூலையிலிருந்து இங்க இருக்குதான். செய்மதியிலிருந்து இறங்குகிற பொதியும் கடைசியில் தரையில ஒரு நிலையத்துக்கு வந்து, ரவுட்டர் அட்டவணையைப் பார்த்துத்தான் போகவேணும். வாசல்காரன் மாறுறான், வாசல் மாறேல்ல. அதோட, அந்தப் பெட்டியின் விலையை ஒரு வாடியில போய்ச் சொல்லிப் பாருங்கோ.

அப்ப தலைமன்னாருக்கு ஒரு கேபிள் போட்டால் காணுமா? காணாது. மன்னாரில் பெரிய காற்றாலைகள் சுத்துது. மின்சாரம் உயர் அழுத்தக் கம்பியில அநுராதபுரத்துக்குப் போகுது. கேபிளும் அப்படிக் கரையேறி, நிற்காத ரயில் மாதிரிக் கொழும்புக்கே ஓடினால், எங்களுக்கு மிஞ்சுறது மணலில ஒரு காவல் கொட்டில். கேபிளோட சந்தியும் வேணும். வலையமைப்புகள் ஒன்றோடொன்று தரவைக் கைமாற்றுகிற ஒரு பரிமாற்ற நிலையம் வடக்கில் வேணும், மன்னாரிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ. மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போற அறிக்கை கொழும்பு பார்த்துவிட்டு வரத் தேவையில்லை. கடலுக்கடியில் கேபிள் தப்பவேணுமெண்டால் இழுவைமடியையும் நிறுத்தவேணும். உலகில் கேபிள் அறுவதற்குப் பெரிய காரணம் மீன்பிடியும் நங்கூரமும்தான். 2017இலேயே இலங்கை அதைத் தடைசெய்தது. எங்கட மீனவர் இத்தனை வருசமாக் கத்துற விசயம் கேபிள் கம்பனிக்கும் நல்லது.

ஆகவே, அடுத்த முறை "டிஜிட்டல் மன்னார்" எண்டு பதாகை பிடித்துக்கொண்டு யாராவது மேடை ஏறினால், எத்தனை டப் குடுப்பீங்கள் எண்டு கேட்காதேங்கோ. தாம்போதியில ஃபைபர் அறுந்தால் மாற்றுப் பாதை எது, அது எந்த ஊரால போகுது, அதை மூடுகிற அதிகாரம் யாரிட்ட எண்டு கேளுங்கோ. பதில் சொல்லத் தெரியாதவரை மேடையால இறக்கிவிடுங்கோ.