இடங்கொடுத்த வளவுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

போர்க்கால உதவி என்றதும் நிவாரண லொறியும் உலர் உணவுப் பொதியுமே நினைவுக்கு வருகின்றன. லொறி வருவதற்கு முன்பே திறந்துவிடப்பட்ட படலைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. போய்ச் சேர்ந்த சாவகச்சேரி ஒரு சிறு பட்டினம்: ஒரு சந்தை, சில பாடசாலைகள், கோயில்கள், சுற்றிவரத் தென்னையும் பலாவும். சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்குள் வந்துவிட்டார்கள். பாடசாலைகள் நிரம்பின, கோயில் மண்டபங்கள் நிரம்பின. மிகுதிப் பேரை வீடுகளும் வளவுகளும் தாங்கின.

தாங்கின என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறோம். கமக்காரருக்கு அதன் பொருள் விளங்கும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நிலத்தடியில் உவர்நீரின் மேல் நிற்கும் நன்னீரே நமக்குள்ள முதல். ஒரு குடும்பத்துக்கென வெட்டிய கிணற்றில் பத்துக் குடும்பம் அள்ளினால், மாரி முடிந்தபின் அது உவர்ப்படலாம். மலசலகூடம் ஒன்றுதான். கொட்டிலுக்குக் கிடுகு, அடுப்புக்கு விறகு, குழந்தைக்குத் தேங்காய்ப்பால் எல்லாம் அந்த வளவிலிருந்தே போயின. கிணற்றடியில் சச்சரவும் வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. சச்சரவுக்குப் பிறகும் வாளி கிணற்றடியிலேயே இருந்தது என்பதுதான் பெரிது.

நிவாரணம் இடம்பெயர்ந்தவர் என்ற பெயருக்கே வழங்கப்படுவது வழமை. அது நியாயந்தான். ஆனால் இடங்கொடுத்த வீடு எதையும் இழக்கவில்லை என்று எண்ணுவது நியாயமல்ல.

1996 ஏப்ரலில் படையினர் தென்மராட்சிக்குள் வந்தபின் பலர் வலிகாமம் திரும்பினர். வேறு பலர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போயினர். 2000 ஆம் ஆண்டில் சண்டை சாவகச்சேரிக்கே வந்து பட்டினம் இடிபாடாயிற்று. முன்பு படலை திறந்தவர்கள், இப்போது மூட்டையுடன் வடமராட்சியிலும் வலிகாமத்திலும் மற்றவர் படலையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னர் யாரேனும் ஒரு கிணற்றைத் துப்புரவாக்கிக் கொடுத்திருந்தால், திரும்பிப் போனபோது அதுவாவது மிஞ்சியிருக்கும்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறிய குடும்பங்களில் சிலருடைய காணி இன்றுவரை விடுவிக்கப்படவில்லை. பிறர் நிலத்தில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். ஆகவே உங்கள் பெயரில் திட்டம் எழுத எவராவது வந்தால், வளவுக்காரரின் கிணற்றையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: முதலில் இறைத்துத் துப்புரவாக்கல், பிறகு கட்டு உயர்த்தல், கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி இரண்டாவது மலசலகூடம். நமது சுண்ணக்கல் நிலத்தில் குழியின் அழுக்கு வெகு சீக்கிரம் கிணற்றுக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரைக் குடிப்பது இரு வீட்டுப் பிள்ளைகளுந்தான்.