ஆசிரியனின் கைக்காசு

நமது ஆசிரியர் அறைகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய உபதேசம் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வருமானத்தைத் திட்டமிடு, வரியை மிச்சப்படுத்து, மிச்சத்தைச் சேமி என்பது அந்த உபதேசம். கருத்தரங்குகளில் கழுத்துப்பட்டி கட்டிய கனவான்கள் இதனைச் சொல்கிறார்கள். இடைவேளை மணி அடித்ததும் காப்புறுதி முகவர்கள் வந்து சொல்கிறார்கள். மாலை வகுப்பினால் நாலு காசு கண்ட நம்மவர் சிலரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். நல்லது, நாமும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பார்ப்போமே! ஆனால் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் நின்று போட்டுப் பார்ப்போம். கொழும்பில் போட்ட கணக்குக்கு மலையேறும்போது மூச்சு வாங்குகிறது.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களுமே இவ்விஷயத்தில் வேதம். இந்த வேதத்தில் வரியற்ற எல்லை அரசியற் காற்றுக்கேற்ப ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை வரியில்லை என்றார்கள். செல்வர் வீடுகளில் மகிழ்ச்சி, திறைசேரியில் வறட்சி. நாடு கடன் கட்ட வழியின்றிக் கைவிரித்த பின்னர், 2023 ஜனவரியில் அந்த எல்லையை 12 இலட்சத்துக்கு இறக்கினார்கள். 2025 ஏப்ரலில் 18 இலட்சமாக்கினார்கள். அதாவது மாதம் 150,000 ரூபா.

மாதம் 80,000 ரூபா சம்பளமும் மாலை வகுப்பினால் 30,000 ரூபாவும் பெறுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,320,000 ரூபா. 12 இலட்ச எல்லை இருந்த நாளில் மிகுதி 120,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 6 வீதம், 7,200 ரூபா அவர் கட்ட வேண்டியிருந்தது. இன்றைய எல்லையில் ஒரு சதமும் இல்லை. ஆக, கழிவுகளைத் தேடித் தேடி அவர் மிச்சப்படுத்தப் போவது என்ன? இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது?

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2020இலிருந்து 2022 இறுதி வரை மருத்துவச் செலவு, கல்விச் செலவு, வீட்டுக் கடன் வட்டி முதலியவற்றுக்காக ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபா வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அந்நாளில் எல்லை 30 இலட்சம். எந்த ஆசிரியனுக்கு அக்கழிவு தேவைப்பட்டது? எல்லை 12 இலட்சமாக இறங்கி, நம்மிலும் சிலர் வரிவலைக்குள் அகப்பட்ட அதே நாளில் அக்கழிவையும் நீக்கிவிட்டார்கள். மழை நின்ற பின் குடை தருவார்கள் என்பார்கள். இவர்கள் வெயிலில் குடை தந்து மழையில் பறித்துக்கொண்டார்கள்.

எஞ்சிய நிவாரணங்கள் சில உண்டு. கூரையிலே சூரிய மின்தகடு பொருத்துகிறவர் அச்செலவில் ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபா வரை கழிக்கலாம். வீட்டை வாடகைக்கு விட்டவர் வாடகையில் நாலில் ஒரு பங்கைக் கழிக்கலாம். நாம் கேட்கிறோம்: யாருடைய கூரை? யாருடைய வீடு? நம்மிற் பலர் லயத்துக் காம்பிராவில் பிறந்தவர்கள். அந்த லயத்தின் நிலம் 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுக்குப் போயிற்று. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. அம்மாவின் கைக்கு அது எக்காலத்திலும் வரவில்லை. உறுதிப்பத்திரம் இல்லாத கூரையின்மேல் எந்தத் தகட்டைப் பொருத்துவது? அதே உறுதிப்பத்திரம் இல்லாமையாலேயே வங்கியிலும் நிலத்தை ஈடு வைக்க நமக்கு வழியில்லை. ஒருவர் கடனுக்கு இருவர் பிணை நிற்கிறோம். ஒருவருக்கொருவர் பிணை நின்று நின்று, ஆசிரியர் அறையே ஒரு சங்கிலியாகிவிட்டது.

இனிக் கழிவிலேயே பெரிய அநீதி ஒன்றுண்டு. வணிகன் தன் கடை வாடகையையும் மின்கட்டணத்தையும் கழித்துவிட்டு மிச்சத்தையே வருமானமாகக் காட்டுகிறான். சம்பளக்காரன் சம்பளம் ஈட்டச் செய்த செலவில் ஒரு சதத்தையும் கழிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. இதன் விளைவைப் பாருங்கள். மாலையில் நகரத்துக் கடைமாடியில் வகுப்பு நடத்துகிற ஆசிரியர், மண்டப வாடகையையும் அச்சடித்த வினாத்தாளின் செலவையும் அந்த வருமானத்திலிருந்து கழிக்கலாம். அதே ஆசிரியர் காலையில் அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்காகத் தன் காசில் வாங்கிய பிரிஸ்டல் அட்டையையும் எழுதுபேனையையும், மழைநாளில் பஸ் வராமல் முச்சக்கரவண்டிக்குக் கொடுத்த பணத்தையும் கழிக்க முடியாது. பிள்ளைக்கு விற்ற கல்வி தொழிலாம். பிள்ளைக்குக் கொடுத்த கல்வி சொந்தச் செலவாம்!

சேமிப்பைப் பற்றியும் சொல்கிறார்கள். பெருமூச்சோடு 5 இலட்சம் ரூபா சேர்த்து நிரந்தர வைப்பிலிட்ட ஓர் ஆசிரியையை நினைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 8 வீதம் என்றால் ஆண்டு வட்டி 40,000 ரூபா. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் நூற்றுக்கு 10 வீதம் நிறுத்திவைத்தல் வரியாக வங்கியிலேயே பிடிக்கப்படுகிறது. அதற்கு முன்னர் 5 வீதம். ஆகவே 4,000 ரூபா போய்விடும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் வங்கியில் ஒரு பிரகடனப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் இப்பணத்தைப் பிடிக்க மாட்டார்கள். இந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் தோழர் ஒருவர் தமது வங்கிக் கிளையில் அந்தப் பத்திரத்தைக் கேட்டார். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் மட்டுமே உண்டு என்றார்களாம். அவர் ஆசிரியர், எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஓய்வுபெற்று ஊழியர் சேமலாப நிதியை அதே வங்கியில் போட்டிருக்கிற அவருடைய தாயார் என்ன செய்வார்? உபதேசிகளே, வரி மிச்சம் என்று நீங்கள் பேச வேண்டியது இதைத்தான். இந்த ஒன்றையாவது ஊர் ஊராகச் சொல்லியிருந்தால் உங்களுக்கு நன்றி கூறியிருப்போம்.

அப்படிச் சேர்த்த பணந்தான் நிலைத்ததா? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதம். எந்த வட்டி இதற்கு ஈடு கொடுக்கும்? பத்தாண்டுச் சிக்கனம் ஓராண்டில் பாதியாய் உருகிற்று. ஆதலால்தான் நமது ஆசிரியைகள் வங்கியை விடச் சீட்டையே நம்புகிறார்கள். இருபது பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபா கட்டி, குலுக்கலில் விழுந்தவர் ஒரு இலட்சத்தை எடுத்துக்கொள்கிறார். மகளின் பூப்புநீராட்டு விழா, தகப்பனின் கண் சத்திரசிகிச்சை, அடகுக் கடையிலிருந்து தாலிக்கொடியை மீட்பது என்று அப்பணத்துக்கு வேலை முன்கூட்டியே காத்திருக்கிறது. வட்டியும் இல்லை, வரியும் இல்லை. இருப்பதெல்லாம் ஒருவர்மீது ஒருவருக்குள்ள நம்பிக்கை. பொருளாதார நிபுணர் இதனைச் சேமிப்பு என்று ஒப்புக்கொள்ளமாட்டார். ஒப்புக்கொள்ளாவிட்டாற் போகட்டும்.

வருமான வரி நம்மைத் தொடவில்லையென்றால் நாம் வரி கட்டாதவர்களா? 2019 டிசெம்பரில் நூற்றுக்கு 8 வீதமாயிருந்த பெறுமதி சேர் வரி 2022இல் 12 ஆகி, அதே ஆண்டில் 15 ஆகி, 2024 ஜனவரி முதல் 18 ஆயிற்று. விலக்குப் பெற்றிருந்த பல பொருள்களும் அந்நாளில் வலைக்குள் வந்தன. இந்த வரிக்கு எல்லையும் இல்லை, கழிவும் இல்லை, பிரகடனப் பத்திரமும் இல்லை. கொழுந்து பறிக்கும் தாயும் தோட்டக் கம்பனிப் பணிப்பாளரும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரியைக் கொடுக்கிறார்கள். சமத்துவம் என்றால் இங்கேதான் இருக்கிறது!

கழிவு என்ற சொல்லுக்கு மலையில் வேறு பொருளும் உண்டு. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக்கணக்கில் வெட்டுவார்கள். அதுவே நம் தாய்மார் அறிந்த கழிவு. வெட்டியது போக நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். ஞாயிற்றுக்கிழமையிலும் மலையேறிக் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தால்தான் கடைக்கணக்குத் தீரும். அவர்களுடைய பிள்ளைகளான நாம் இன்று பட்டம் பெற்று, சனி ஞாயிறுகளில் நகரத்துக்கு இறங்கிக் கைக்காசுக்குப் பாடம் பறிக்கிறோம். இதற்கு மேலதிக வருமானம் என்று மதிப்பான பெயர் வைத்திருக்கிறோம்.

மேலதிகம் என்றால் எதற்கு மேல்? போதுமானதற்கு மேலே வருவதல்லவா மேலதிகம்? நமக்கு வருவது, அரசு கொடாமல் நிறுத்திவைத்த சம்பளத்தின் ஒரு பகுதி. அதிபர் ஆசிரியர் சம்பள முரண்பாடு 1997இலிருந்து தொடர்கிறது. 2021 ஜூலை 12ஆந் திகதி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நூறு நாட்களுக்கு மேல் போராடினோம். 2022 ஜனவரியில் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. மிகுதி இரு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26இல் கொழும்புக்குப் போனவர்களைக் கண்ணீர்ப்புகை வரவேற்றது. அடிப்படைச் சம்பளம் 2025இல் உயர்த்தப்பட்டதை மறைக்கவில்லை; அதையும் 2027 வரை தவணை முறையில் தருவதாகவே அறிவித்தார்கள். மலையகத்துக்கென்று தனிக் கதையும் உண்டு. 2015ஆம் ஆண்டளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 இளைஞர்களை ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் எடுத்து, மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள். பின்னர் 10,000 ரூபா. அவர்களும் முழு வகுப்புக்களை எடுத்தார்கள். பேர் மட்டும் அரைப்பேர். அவர்களைப் பார்த்தும் சேமியுங்கள் என்று எவரேனும் சொன்னார்களா?

நிறுத்திவைத்த அந்தச் சம்பளத்தை யாரிடமிருந்து அறவிடுகிறோம் என்பதே நெஞ்சைச் சுடும் கேள்வி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபா என அறிவிக்கப்பட்டது. அதில் 200 ரூபா அரசு கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு. ஒரு பாடத்துக்கு மாதம் 1,500 ரூபா என்று வைத்தாலும், நான்கு பாடத்துக்கு ஒரு பிள்ளை கொண்டுவருகிற 6,000 ரூபா ஏறத்தாழ மூன்றரை நாட் கூலி. அட்டை கடித்த கால்களோடு அந்தத் தாய் மலையில் நின்ற மூன்றரை நாள், உறையிலே மடித்து நம் மேசைக்கு வருகிறது. அதை எண்ணி வாங்கும்போது நம்மில் எவருடைய கை கூசவில்லையோ அவரோடு நமக்குப் பேச்சில்லை.

நம்மவர் குற்றத்தையும் மறைக்கக்கூடாது. காலையில் பாதி சொல்லி மீதியை மாலைக்கு ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மண்டபம் நிறைய மாணவர், மாதம் பல இலட்சம் வருமானம், ஆனால் வரித்திணைக்களத்துக்கு ஒரு தாளும் எழுதாதவர்களும் இருக்கிறார்கள். 18 இலட்சத்தைத் தாண்டியவர் விவரத்திரட்டைக் கொடுத்து வரியைக் கட்டட்டும். அவர் கட்டாத பணம் சவர்க்காரத்தின் விலையாய் நம் தாய்மார் தலையில் ஏறுகிறது. ஆனால் இந்த ஒரு சிலரைக் காட்டி, "ஆசிரியனுக்கென்ன, டியூசன் காசு இருக்கிறதே" என்று சம்பளக் கோரிக்கையை மறுக்கிற அதிகாரிகளிடம் ஒன்று சொல்வோம். உங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் உண்டு. எங்கள் உயர்தர விஞ்ஞான வகுப்பில் பௌதிகத்துக்கு ஆளில்லாமற் போன தவணைகளை நாங்கள் எண்ணிவைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை மாலை வகுப்புக்குப் போகாமல் வேறெங்கே போகும்?

ஆசிரியர் சங்கக் கிளைக்கூட்டங்களுக்கு இவற்றை முன்வைக்கிறோம். மிகுதி மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம். பாடசாலைக்காக ஆசிரியன் செலவிட்டதை மீளக் கொடுத்தல். பிள்ளைகளின் கற்றல் உபகரணங்களுக்குப் பெறுமதி சேர் வரியிலிருந்து விலக்கு. இவற்றுக்கு நாளாகும். நாளாகாத வேலையும் ஒன்றுண்டு: அந்தப் பிரகடனப் பத்திரத்தைத் தமிழில் பெயர்த்து ஒவ்வொரு பாடசாலை அறிவித்தற் பலகையிலும் ஒட்டலாம். மாத முதற் சனிக்கிழமை பழைய மாணவர் இருவரை உட்காரவைத்து, சேமலாப நிதியை வங்கியிலிட்டிருக்கும் தோட்டத்து முதியவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கலாம். மாலை வகுப்பு அன்று ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்கட்டும்.