பல்லிக்கு எதுக்குய்யா எலுமிச்சை கலர்?

பல்லி என்றால் நம்மூரில் சகுனம் சொல்லும் ஜீவன். தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் அட்டவணையே உண்டு. லெப்பர்ட் கெக்கோ என்கிற சிறுத்தைப்பல்லி அந்த வேலைக்கு லாயக்கில்லை. காலில் ஒட்டும் பட்டை கிடையாது என்பதால் சுவர் ஏறாது. எங்கிருந்து தலையில் விழுவது? வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை மட்டும் இதற்கு உண்டு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு என்று வறண்ட பாறை நிலங்களில் இரவில் பூச்சி பிடித்துத் தின்று, மிச்சக் கொழுப்பை வாலில் சேமித்து வைத்துக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கும். மஞ்சள் உடம்பு, கரும்புள்ளி. அவ்வளவுதான் அதன் கலர்.

அந்தக் கலர் போதவில்லை அமெரிக்காக்காரர்களுக்கு. 1970-களிலிருந்து கூண்டில் வளர்த்து, பிறகு 'மார்ஃப்' என்ற பெயரில் விதவிதமான நிறங்களை உருவாக்க ஆரம்பித்தார்கள். ஆரஞ்சு, வெள்ளை, புள்ளியே இல்லாதது, சிவப்புக் கண். ஆல்பினோவில் மட்டும் மூன்று தனித்தனி வகை. ஒரு வகையை இன்னொன்றோடு சேர்த்தால் குஞ்சுகள் சாதாரண நிறத்தில்தான் பிறக்கும். காசு போட்டவர் தலையில் துண்டுதான்.

காமர்ஸ் படிப்பவர்கள் இந்த வியாபாரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். இங்கே விற்கப்படுவது பல்லி மட்டுமல்ல, நிகழ்தகவும்தான். 'ஹெட்' என்றால் அந்த நிறத்தின் மரபணு ஒரு பிரதி மட்டும் உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது என்று அர்த்தம். இரண்டு ஹெட் பல்லிகளைச் சேர்த்தால் சாதாரணமாகத் தெரியும் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அந்த மரபணு இருக்கும். எவை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே '66 சதவீத ஹெட்' என்று சீட்டு ஒட்டி விற்பனை! லாட்டரிச் சீட்டுக்கு நாலு கால் முளைத்த கதை. ஒரு ஆணுக்குப் பல பெண்கள் என்பதே வளர்ப்பாளருக்கு லாபக் கணக்கு. அதற்கும் வழி இருக்கிறது. முட்டையைச் சுமார் 26 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32, 33 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் ஆண்.

இதுவரைக்கும் பெரிய பாவம் ஒன்றுமில்லை. பாவம் ஆரம்பிப்பது 'லெமன் ஃப்ராஸ்ட்' வந்த இடத்தில்.

2015 வாக்கில் அமெரிக்காவில், சாதாரண நிறப் பெற்றோருக்கு வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாய் மின்னும் குஞ்சு பிறந்தது. 'மிஸ்டர் ஃப்ராஸ்டி' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த ஆணை வைத்து ஒரு வம்சமே உருவானது. மரபணு ஒரு பிரதி இருந்தாலே நிறம் வந்துவிடும் என்பதால் பெருக்குவது சுலபம். கொஞ்ச காலத்தில் அந்த வெள்ளைத் தோலில் கட்டிகள் வர ஆரம்பித்தன. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைச் சொன்னது. ஒளியைப் பிரதிபலித்து வெள்ளை நிறம் தரும் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுகின்றன. ஸ்பின்ட்1 என்ற மரபணுவில் வந்த கோளாறே இதற்குக் காரணமாகத் தெரிகிறது. அந்த மரபணுவின் வேலை புற்று வராமல் தடுப்பது. 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட லெமன் ஃப்ராஸ்ட் பல்லிகளுக்கு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் கட்டி வருகிறது. அதாவது அழகும் நோயும் வேறு வேறு இல்லை. ஒரே மரபணு, ஒரே செல்.

"நல்ல ரத்தம் கலந்து சுத்தப்படுத்திவிடலாம்" என்பது சில வளர்ப்பாளர்களின் வாதம். எப்படி? நிறத்தைத் தருவதே அந்தக் கோளாறு என்றால், கோளாறை எடுத்ததும் நிறமும் போய்விடுமே! பால் வேண்டும், மாடு வேண்டாம் என்கிற கதை.

இதற்கு முன்னோடி 'எனிக்மா'. 2006 வாக்கில் சந்தைக்கு வந்தது. தாறுமாறான புள்ளிகளோடு பார்க்க ஜோர். ஆனால் பலவும் வட்டமடித்துச் சுற்றும், தலை ஒரு பக்கம் சாயும், இரையைக் குறி பார்த்துப் பாய்ந்தால் அது பக்கத்தில் நிற்கும். "நன்றாகச் சாப்பிடுகிறதே, சந்தோஷமாகத்தான் இருக்கிறது" என்று இதற்கும் வக்காலத்து வாங்குகிறார்கள். பாய்ந்து பாய்ந்து கோட்டை விடுகிற வேட்டைப் பிராணியின் சந்தோஷம் எந்த அளவுகோலில் அளக்கப்பட்டதோ!

வளர்ப்பாளர்கள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. கூண்டில் பிறப்பவை கிடைப்பதால் காட்டிலிருந்து பிடிக்கும் தேவை குறைகிறது. பெரும்பாலான நிறங்களால் பெரிய தொல்லை இல்லை (ஆல்பினோவுக்கு வெளிச்சம் கூசும், அதைச் சமாளிக்கலாம்). லெமன் ஃப்ராஸ்ட் ஆய்வுக்குப் பல்லிகளின் மாதிரிகளைக் கொடுத்து உதவியதும் ஒரு வளர்ப்பாளர்தான். அதற்காகத் தெரிந்தே புற்றுநோயை அடைகாப்பவரையும் அதே வரிசையில் உட்கார வைக்க முடியாது.

பொருளாதாரத்தில் இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1970-ல் ஜார்ஜ் அகர்லோஃப் எழுதிய கட்டுரை 'லெமன் சந்தை' பற்றியது. ஓட்டை உடைசல் காருக்கு அமெரிக்கக் கொச்சையில் 'லெமன்' என்று பெயர். விற்பவனுக்குத் தெரிந்த குறை வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடுகிறது என்பது அவர் கேள்வி. 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல்லிச் சந்தையில் லெமன் என்று எழுதியே விற்கிறார்கள்! காரிலாவது நஷ்டம் வாங்கியவனோடு போகும். இங்கே அசல் நஷ்டம் பேரத்தில் பேச்சுரிமையே இல்லாத மூன்றாவது ஆளுக்கு.

ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், வலியோ துன்பமோ வரும் என்று எதிர்பார்க்கக்கூடிய மரபுக் குணத்துக்காக முதுகெலும்புள்ள பிராணிகளை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று 11பி பிரிவு சொல்கிறது. மற்ற நாடுகள் சட்டம் போடும்வரை வாங்குகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கலாம். ஒன்று, தாய் தகப்பன் இப்போது உயிரோடு இருக்கின்றனவா, வயது என்ன, இந்த வாரம் எடுத்த வயிற்றுப் பக்கப் படம் உண்டா? இரண்டு, ஐந்து வருடத்துக்குள் கட்டி வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? இப்போதைக்கு இந்த வியாபாரத்தில் வழக்கமான உத்தரவாதம் பார்சல் பிரிக்கும்போது பல்லி உயிரோடு இருக்கும் என்பதுதான்.